மன்மதனாகச் செத்துக் கிடந்த காலை

அவன் ஆங்கிலம் வாசிக்கத் தொடங்கினால் கீழே கருவாட்டுக் கடையில் தராசுச் சத்தம் நின்றுவிடும். கடை முதலாளிக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்துத் தெரியாது. ஆனாலும் கையில் அள்ளிய நெத்தலியோடு மாடியைப் பார்த்தபடி நிற்பாராம். அவரே என்னிடம் சொன்னார். "அந்தத் தம்பி வாசிச்சா ரேடியோ கேக்குற மாதிரி இருக்குங்க" என்றார். அதே வகுப்பில், அதே பெஞ்சில் உட்கார்ந்து, அதே பக்கத்தை நானும்தான் வாசித்தேன். நான் வாசிக்கும்போது அவர் வியாபாரத்தைக் கவனித்தார்.

எங்கள் கல்லூரி ஹட்டன் கடைத்தெருவில் அந்தக் கடைக்கு மேலே இருந்தது. பலகையால் தடுத்த நான்கு அறைகள், ஒரு கரும்பலகை, ஒரு சுவர்க் கடிகாரம். எஸ்.எஸ்.சி.க்கும் லண்டன் பரீட்சைகளுக்கும் அங்கே பாடம் நடந்தது. வாசலில் தொங்கிய பெயர்ப்பலகை கட்டடத்தைவிடப் பெரியது. ஊர்க்காரர்கள் அந்தப் பெயரைச் சொல்லச் சோம்பல்பட்டு 'கருவாட்டு யுனிவர்சிட்டி' என்று வைத்துவிட்டார்கள். நாங்கள் கோபித்துக்கொள்வதுபோல் நடித்தோம். பெயரின் பின்பாதி எங்களுக்கு உள்ளூரப் பிடித்திருந்தது. பேராதனையில் உண்மையான பல்கலைக்கழகம் வந்துவிட்ட காலம் அது. ஆனால் அங்கே போகும் வழி எங்கள் தோட்டங்களிலிருந்து தொடங்கவில்லை. ஆகவே எங்களுக்கு வாய்த்த யுனிவர்சிட்டி இதுதான்.

அவன் அங்கே படிக்க வந்தவனே இல்லை. எனக்குத் துணைக்கு வந்தவன்.

எங்கள் அப்பா தேயிலைத் தோட்டத்தின் பெரிய கங்காணி. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களுக்கு மேலே, தனியாக, தகரக் கூரை போட்ட எங்கள் வீடு. தோட்டத்தில் எது நடந்தாலும் முதல் விபூதி, முதல் மாலை, முதல் இலை எங்களுக்கு. தோட்டத்திலிருந்து ஹட்டனுக்கு நடக்கும் வழியில் ஒரு காட்டுத் துண்டு உண்டு. ஒற்றைப் பிள்ளையைத் தனியே அனுப்ப அம்மாவுக்கு மனசு வரவில்லை. அதனால் கீழ் லயத்தில் கொழுந்து பறிக்கும் ஒருத்தியின் மகனை, தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதை முடித்துவிட்டு வீட்டிலிருந்தே கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருந்தவனை, அப்பா என்னோடு அனுப்பினார். அவனுக்கு அப்பா இல்லை. கல்லூரி அதிபரிடம் எங்கள் அப்பாவே பேசினார். காலையில் ஜன்னல்களைத் திறந்து பெஞ்சுகளைத் துடைத்து வைத்தால் அவன் சம்பளம் கட்டாமல் வகுப்பில் உட்காரலாம் என்று அதிபர் சொல்லிவிட்டார். இப்படித்தான் என் வினையை எங்கள் வீட்டிலேயே கைபிடித்துக் கூட்டிவந்து என் பக்கத்தில் உட்கார வைத்தார்கள்.

விடியற்காலையில் எங்கள் வீட்டுக்குக் கீழே, படிக்கட்டு தொடங்கும் இடத்தில் வந்து நிற்பான். மேலே ஏறி வரமாட்டான். அங்கிருந்தே கூப்பிடுவான்.

"நேரமாச்சுங்க. எந்திரிச்சு வாங்க."

ஒரு நாளும் குரலை உயர்த்த மாட்டான். ஆனாலும் அது கதவு, கம்பளி எல்லாவற்றையும் தாண்டி என் காதுக்குள் வந்துவிடும். நான் புரண்டு படுப்பேன். மறுபடி கூப்பிடுவான். மழை நாளில் எனக்குக் குடை. அவன் தலையில் கொழுந்துக்காரர்கள் போடும் கறுப்புக் கம்பளி. தோட்ட எல்லையில் ஓடும் ஆற்றின் பாலத்துக்கு வந்ததும் கம்பளியைச் சுருட்டிப் பாலத்துக்கு அடியில் செருகிவிடுவான். காலில் ஏறிய அட்டைகளைப் பிய்த்துப் போட்டுவிட்டு, தலையைக் கையால் கோதிக்கொண்டு, ஹட்டன் ரோட்டில் என்னைப்போலவே ஒரு மாணவனாக நடப்பான். பாலம்வரைக்கும் அவன் எங்கள் தோட்டத்து ஆள். அதற்கப்புறம் அவன் என்னைவிடக் கெட்டிக்காரன். அந்தப் பாலத்தைத் தாண்டவே எனக்குப் பிடிக்காது.

அதிபர் யாழ்ப்பாணத்தார். வெள்ளை வேட்டி, கறுப்புக் கோட்டு. ஒருவர் வாசித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு வார்த்தை சொல்வார். அவனுக்கு, "வடிவாய் வாசிச்சீர், தம்பி." எனக்கு, "காணும், இரும்." போதும் என்பதை யாழ்ப்பாணத்தார் 'காணும்' என்பார்கள். அந்தக் கல்லூரியில் நான் படித்த காலம் முழுவதும் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

வகுப்பில் ஒரே ஒரு பெண் இருந்தாள். டிக்கோயாவில் மிஷன் பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவரின் மகள். பஸ்ஸில் வருவாள். சனிக்கிழமைகளில் வீட்டுப் பேரிக்காய் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுப்பாள். எனக்கும் கொடுத்தாள், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எனக்குக் கொடுத்துவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவாள். அவனிடம் கொடுத்தால் அங்கேயே நின்று, "இந்தப் பாட்டுக்கு என்ன அர்த்தம்? ஒருக்காச் சொல்லுங்களேன்" என்பாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு சொல்வான். அவன் சொன்னதையே அவளுக்குக் கேட்கும்படி மறுநாள் நான் சத்தமாகச் சொன்னேன். "நேத்தே அவர் சொன்னாரே" என்றாள். அவரா! லயத்துப் பையனுக்கு 'அவர்'. அன்றைக்கு முழுவதும் பேரிக்காய் என் வயிற்றில் கல்லாகக் கிடந்தது.

பொறாமை என்பது வெளியே தெரியாமல் உள்ளே புகையும் என்று சொல்வார்கள். எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. முகத்திலேயே தெரியும். அவனுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் மறுநாள் காலையிலும் படிக்கட்டுக்குக் கீழே வந்து, "நேரமாச்சுங்க" என்பான். சண்டை போடவும் வழி விடமாட்டான். அதுவே எனக்குப் பெரிய எரிச்சல்.

இரண்டாம் வருட முடிவில், கீழ் வகுப்புக்குப் பாடம் சொன்ன ஆசிரியர் இறம்பொடைப் பக்கம் வேலை கிடைத்துப் போய்விட்டார். அந்த இடத்துக்கு மாணவர்களில் ஒருவரையே எடுக்கப் போவதாக அதிபர் அறிவித்தார். காலையில் சின்னவர்களுக்குப் பாடம் சொல்ல வேண்டும். மாலையில் அங்கேயே லண்டன் இன்டர் பரீட்சைக்குப் படிக்கலாம். சம்பளம் பெரிதில்லை. ஆனால் ஒரு மேசை, ஒரு நாற்காலி, 'மாஸ்டர்' என்ற பெயர்.

வெளியே இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியும். எங்களுக்கு அது சின்னதில்லை. சுதந்திரம் வந்த கையோடு எங்கள் சனத்தின் குடியுரிமை போய்விட்டது. அரசாங்க வேலை, ஆசிரியர் பயிற்சி எதற்குப் போனாலும் முதலில் அதைத்தான் கேட்டார்கள். மிச்சம் இருந்தது தோட்டம், இல்லையென்றால் கடை. என்னைக் கணக்கப்பிள்ளையாகப் போடச் சொல்லி அப்பா ஏற்கெனவே தோட்டத் துரையிடம் பேசிவிட்டார். சித்திரையில் நான் காக்கிக் கால்சட்டை போட்டுக்கொண்டு பெரட்டுக்களத்தில் நின்று காலையில் வேலைக்கு வரும் ஆட்களை எண்ண வேண்டும். "அந்த மாஸ்டர் வேல கெடச்சா படி. இல்லாட்டி மலைக்கு வா" என்று அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். அவன் நிலைமை இன்னும் மோசம். அவன் மண்வெட்டி தூக்கித் தேயிலை மலையில் மண் கொத்தப் போக வேண்டியதுதான். அவனை எண்ணப்போகும் கணக்கப்பிள்ளை நானாகவும் இருக்கலாம்.

வேலைக்குக் கை தூக்கியவர்கள் இரண்டு பேர்தான். அவனும் நானும். ஒருநாள் காலை ஒன்பது மணிக்கு ஆளுக்கொரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும் என்றார் அதிபர். அவர் நாள் குறித்ததும் நான் மனசுக்குள் நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்தேன். மாசிப் பௌர்ணமிக்கு மறுநாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொள்ள இருமினேன்.

மாசி மாதம் எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து. மூன்றாம் பிறையன்று கம்பம் நட்டு, வேஷக்காரர்களுக்குக் காப்புக் கட்டுவார்கள். பௌர்ணமி இரவு முழுவதும் ஆட்டம் நடந்து, விடியும் வேளையில் சிவன் நெற்றிக்கண் திறந்து மன்மதனை எரிப்பார். ரதி அழுவாள். மூன்றாம் நாள் ரதி கேட்டு வாங்கி மன்மதனுக்கு உயிர் வரும். வேஷம் போடுவது எல்லாம் ஆம்பிளைகள்தான். அந்த மூன்று வருடமாக எங்கள் தோட்டத்து ரதி யார் தெரியுமா? அவன்தான். சின்ன வயதில் அவனுக்குக் காய்ச்சல் கண்டு டிக்கோயா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிழைத்தால் மூன்று வருடம் ரதி கட்ட வைக்கிறேன் என்று அவன் அம்மா நேர்ந்துகொண்டாளாம். அது கடைசி வருடம். காப்புக் கட்டியவன் அதை அறுக்கும்வரை தோட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. ரதியின் காப்பை மூன்றாம் நாள்தான் அறுப்பார்கள்.

அவன் அதிபரிடம் போய் நாளைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டான். நான் கதவுக்குப் பக்கத்தில் நின்றேன்.

"சோதனைக்கு நாள் குறிச்சாச்சு, தம்பி. கூத்துக்காகச் சோதனையைத் தள்ளி வைக்கிற வழக்கம் எனக்கு இல்லை" என்றார் அதிபர்.

வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது அவன் பாலத்துக்கு அடியில் குனிந்து கம்பளியை எடுத்தான். அதை உதறிக்கொண்டே, "ஆத்தா நேந்துக்கிட்டதுங்க. விட முடியாது" என்றான். நான் வருத்தமாகத் தலையை ஆட்டினேன். அன்றைக்கு ராத்திரி இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டேன்.

நான் அதோடு நின்றிருந்தால் இன்றைக்கு ஓய்வுபெற்ற மாஸ்டராக இருந்திருப்பேன். பொறாமைக்காரனுக்கு ஜெயித்தால் மட்டும் போதாது. தோற்றவனிடம் மிச்சம் இருப்பதும் வேண்டும்.

கூத்தைப் பற்றிக் கேள்விப்பட்ட அந்தப் பெண், "ரதி வேஷமா? நீங்களா? நான் பாக்கணுமே!" என்றாள். அதிபரும் யாழ்ப்பாணத்தைவிட்டு வந்ததிலிருந்து ஒரு தோட்டத்தையும் உள்ளே வந்து பார்த்ததில்லை. தானும் வரலாமா என்றார். வந்தால் எங்கே உட்காருவார்கள்? எங்கள் அப்பா பக்கத்தில், நாற்காலியில். நானும் அங்கேதான் உட்கார வேண்டும். அவள் விடிய விடிய அவனைப் பார்ப்பாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவனை அவள் பார்ப்பதைப் பார்க்க வேண்டும். அதை நினைக்கும்போதே எனக்கு நெஞ்சு எரிந்தது.

மன்மதன் கட்டுகிற ஆள் அந்த வருடம் கல்யாணம் முடித்து வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார். இடம் காலியாக இருந்தது. நான் அப்பாவிடம் போய் நின்றேன்.

"நான் மன்மதன் கட்டுறேம்ப்பா."

பெரிய கங்காணி வீட்டில் யாரும் வேஷம் கட்டியதில்லை. எங்களுக்கு நாற்காலிதான் வழக்கம். அப்பா கொஞ்சம் யோசித்தார். பெரியவர்கள், "கங்காணியய்யா மகனே கட்டுனா தோட்டத்துக்கே பெருமைங்க" என்று ஏற்றிவிட்டார்கள். அப்பா சம்மதித்தார்.

என் கணக்கு இதுதான். மன்மதன் எரிந்ததும் அவன் கைக் காப்பை அப்போதே அறுத்துவிடுவார்கள். செத்தவனுக்கு எதற்குக் காப்பு? இதை நான் வருஷா வருஷம் நாற்காலியில் இருந்து கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆகவே விடிந்ததும் எனக்கு விடுதலை. அதிபரையும் அந்தப் பெண்ணையும் அவள் அப்பாவையும் கூட்டிவர எங்கள் அப்பா கார் ஏற்பாடு செய்திருந்தார். அதே காரில் நானும் ஏறுவேன். ராத்திரி மன்மதன், காலையில் மாஸ்டர். அவன் கையில் காப்போடு பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பான். அவ்வளவு அழகான கணக்கை நான் கணக்குப் பாடத்தில்கூடப் போட்டதில்லை.

காப்புக் கட்டியபின் இருவரும் காமன் கொட்டகையிலேயே தங்கினோம். ஒரு வேளைச் சாப்பாடு, பச்சைத் தண்ணீரில் குளியல். ஆட்டத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தவன் அவன்தான். அங்கேயும் அவனுக்குத்தான் தெரிந்திருந்தது! காலை எப்படி எடுத்து வைப்பது, கரும்பு வில்லை எந்தத் தோளில் சாய்ப்பது, தப்பு மேளம் வேகம் பிடிக்கும்போது எப்படித் திரும்புவது என்று பொறுமையாகக் காட்டினான். நான் தப்புச் செய்தால், "அடுத்த தடவ சரியா வரும்ங்க" என்பான். அதற்கு அதிபரின் 'காணும்' எவ்வளவோ தேவலை. ஓய்வு நேரத்தில் நான் பாடம் நடத்திப் பார்ப்பேன். கொட்டகைக் கம்பத்துக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பேன். அவன் கேட்டுக்கொண்டே இருப்பான். ஒருநாள், "அந்த எடத்துல ஒரு கேள்வி கேட்டீங்கன்னா புள்ளைங்க முழிச்சுக்குவாங்க" என்றான். நல்ல யோசனை. அதனாலேயே நான் அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

பௌர்ணமி வந்தது. பெரட்டுக்களம் நிறைந்து, தேயிலைக்குள்ளும் ஆட்கள் நின்றார்கள். பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பந்தம் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். நாற்காலிகளில் எங்கள் அப்பா, அதிபர், டிக்கோயா ஆசிரியர், அவர் மகள். எங்கள் வீட்டு வடையை அதிபர் சாப்பிடுவதை நான் வேஷத்தோடு ஒளிந்து பார்த்தேன். எனக்குக் காகிதக் கிரீடம், ஜிகினா மாலை, கையில் கரும்பு வில். கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே என்மேல் ஆசை வந்தது.

நான் நன்றாகத்தான் ஆடினேன். யாரும் சிரிக்கவில்லை. முதல் சுற்றில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள், கங்காணி மகன் என்பதால். பிறகு ரதி வந்தாள். சிவப்புச் சேலை, தலையில் டோப்பா, நெற்றியில் சுட்டி. அவன் என்று தெரிந்தும் அவன் என்று நம்ப முடியவில்லை. அப்புறம் என்னை யாரும் பார்க்கவில்லை. நான் வில்லைத் தூக்கினேன், குனிந்தேன், சுழன்றேன். டிக்கோயாக்காரியின் முகம் அவன் போன பக்கமே திரும்பிக்கொண்டிருந்தது. போகட்டும், ஒன்பது மணிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினேன்.

கிழக்கு வெளுக்கத் தொடங்கியதும் சிவன் கண்ணைத் திறந்தார். கயிற்றில் சீறி வந்த நெருப்பு கம்பத்தில் கட்டிய வைக்கோலைப் பற்றியது. அவன் சொல்லிக் கொடுத்தபடி நான் விழுந்தேன். யாரோ வந்து காப்பை அறுத்தார்கள். தலையிலிருந்து கால்வரை ஒரு வெள்ளை வேட்டியால் மூடினார்கள். வேட்டிக்குள் எனக்கு ஒரே சந்தோஷம். கொஞ்சம் அழுது முடிப்பார்கள், கூட்டம் கலையும், எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு காரில் ஏற வேண்டியதுதான். மெல்ல முழங்கையை ஊன்றினேன்.

ஒரு கை என் தோளை அழுத்திப் பிடித்தது. தப்படிக்கிறவர்.

"படுங்க சின்னய்யா. செத்தவங்க எந்திரிக்கப்படாது."

"விடுங்க, எனக்கு ஹட்டனுக்குப் போகணும்" என்று வேட்டிக்குள்ளிருந்து கிசுகிசுத்தேன்.

"செத்தவங்க எங்கிட்டுப் போவாங்க? மூணாம் நாளு ரதி வந்து எழுப்பணும்ங்க. அதுவரைக்கும் கொட்டகையிலதான் கெடக்கணும். வெளியாள் ஒங்க மொகத்தப் பாக்கப்படாது."

கதை எனக்குத் தெரியும். மூன்றாம் நாள் உயிர் வரும் என்பதும் தெரியும். அது ஏதோ பூசையோடு முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். வேஷம் கட்டினவன் நிஜமாகவே மூன்று நாள் பிணமாகக் கிடக்க வேண்டும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? மன்மதன் எரிந்ததும் எங்கள் வீட்டு நாற்காலிகளை மடக்கிவிடுவார்கள். நாங்கள் மேலே போய்த் தூங்கிவிடுவோம். அதற்குப் பிறகு கீழே என்ன நடக்கும் என்று ஒரு வருடம்கூட நின்று பார்த்ததில்லை. லயத்தில் பிறந்த ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. பிறகொரு நாள் அவனிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "ஒங்களுக்குத் தெரியும்னுதாங்க நெனச்சேன். கொட்டகையில பாடம் நடத்திப் பாத்ததும் மனசு கேக்காமத்தான்னு இருந்தேன். எனக்காகத்தான் நீங்களும் சோதனைய விட்டுட்டு வந்து கட்டுறீங்கன்னு நெனச்சேன்" என்றான்.

எழுந்து ஓடியிருக்கலாம். ஆனால் செத்த மன்மதன் நேரம் வருமுன் எழுந்தால் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆகாது என்பார்கள். அதைச் செய்தது பெரிய கங்காணி மகன் என்றால் அப்பா அந்த மண்ணில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. நான் படுத்துக்கொண்டேன்.

அப்போது ரதி என் தலைமாட்டில் வந்து உட்கார்ந்து அழத் தொடங்கினாள்.

கூட்டம் அடங்கியது. குழந்தைகள்கூட வாயை மூடின. வழக்கமான ஒப்பாரிதான், முதலில். பிறகு குரல் தணிந்தது. பாட்டு நின்று பேச்சாகிவிட்டது.

"நேரமாச்சுங்க. எந்திரிச்சு வாங்க. பாலத்துல வெளிச்சம் வந்திருச்சு. ஹட்டன் ரோட்டுல ஆள் நடக்குது. கூப்பிட்டது கேக்கலீங்களா? நேரமாச்சுங்க."

பொம்பிளைகள் விம்முவது நான்கு பக்கமும் கேட்டது. மன்மதனுக்காக ரதி அழுகிறாள் என்று அவர்கள் அழுதார்கள். எனக்கு மட்டும்தான் தெரியும். அவன் ஒன்பது மணிச் சோதனைக்காக அழுதான். போக முடியாத அந்த ரோட்டுக்காக அழுதான். வேட்டிக்குள் என் கண்ணிலும் தண்ணீர் வந்தது. புகையால் வந்திருக்கும். ஆனால் உள்ளதைச் சொல்கிறேன், அந்த நிமிடத்திலும் எனக்குப் பொறாமைதான். என் சோதனையும்தான் போனது. எனக்கு அப்படி அழத் தெரியவில்லையே!

ஒப்பாரி முடிந்ததும் நாற்காலிப் பக்கமிருந்து அதிபரின் குரல் கேட்டது. அவருக்கு ரகசியமாகப் பேசத் தெரியாது.

"இனி என்ன சோதனை? இவ்வளவு சனத்தையும் சத்தமில்லாமல் இருத்தி வைக்கிறவருக்கு ஒரு வகுப்பை இருத்தி வைக்கிறது பெரிய காரியமோ? அந்தத் தம்பியே வரட்டும்."

டிக்கோயாக்காரி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு எங்கள் அப்பா. "நம்ம தோட்டத்துப் பையனுங்க. நாந்தாங்க கொண்டாந்து விட்டேன்." குரலில் அவ்வளவு பெருமை. என்னைப் பற்றி அப்பா அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை. நான் என்ன ஆனேன் என்று யாருமே கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள்? நான் எல்லோர் கண்முன்னும் செத்துக் கிடந்தேன். கொஞ்ச நேரத்தில் கார் கிளம்பும் சத்தம் வந்தது. அது பாலத்தைத் தாண்டி, ரோட்டில் ஏறி, வளைவில் மறையும்வரை கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

மூன்றாம் நாள் அவன் ரதி வேஷத்தில் மடியேந்தி லயம் லயமாகப் போய் என் உயிரைக் கேட்டான். சிவன் முன்னால் மண்டியிட்டுக் கேட்டான். தோட்டமே பார்த்தது. வேட்டியை விலக்கி முகத்தில் தண்ணீர் தெளித்துக் கையைப் பிடித்துத் தூக்கினான். அவன் கை சூடாக இருந்தது. கூட்டம் குலவையிட்டது. மாஸ்டர் வேலையைப் பற்றி அதற்குள் அவனுக்குத் தெரிந்துவிட்டது. முகத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான், நான் அன்றைக்கு அதிபர் முன்னால் அடக்கியதைப்போல.

அந்தப் பெண் யாரைக் கட்டினாள் என்று கேட்கிறவர்கள் உண்டு. எங்கள் இருவரையும் இல்லை. பொல்பிட்டியப் பக்கம் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் ஒரு டிஸ்பென்சரைக் கட்டிக்கொண்டு போனாள். அதில் மட்டும் எனக்கு ஒரு நிம்மதி. அவன் பல வருடம் அந்த நாற்காலியில் இருந்தான். தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அவனிடம் படித்துவிட்டுப் போனார்கள். அவர்களில் யாராவது இன்றைக்கும் என்னிடம் வந்து, "எங்க மாஸ்டர் வாசிச்சா…" என்று தொடங்கினால் நான் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

ஆனால் எனக்கு மறக்காதது கூத்து முடிந்து வந்த முதல் திங்கட்கிழமைதான். கல்லூரி எனக்கும் மூடிவிடவில்லை. சித்திரைவரை நான் போயிருக்கலாம். அவன் மேசைக்கு முன்னால், பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். விடியற்காலையில் புதுச் சட்டை போட்டுக்கொண்டு அவன் எங்கள் படிக்கட்டுக்குக் கீழே வந்து நின்றான். மாஸ்டர் ஆனபிறகும் மேலே ஏறி வரவில்லை.

"நேரமாச்சுங்க. எந்திரிச்சு வாங்க."

நான் விழித்துத்தான் இருந்தேன். கம்பளியைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டேன். இரண்டாம் முறை கூப்பிட்டான். கொஞ்ச நேரம் விட்டு மூன்றாம் முறையும் கூப்பிட்டான். பிறகு அவன் தனியாகப் பாலத்துப் பக்கம் இறங்கிப் போகும் காலடிச் சத்தம் கேட்டது. நான் அசையாமல் கிடந்தேன். இந்தத் தடவை என் தோளை அழுத்திப் பிடிக்க யாரும் தேவைப்படவில்லை.